ரெஃபரிக்குக் கேட்குமா?

இன்று ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கால்பந்துக் கழகத்தின் மிகப் பெரிய தொண்டையான குணம் அண்ணை வந்து பக்கத்தில் அமர்ந்தார். முகம் வாடியிருந்தது.

"நோர்வேக் கழகங்களையும் சேர்த்து லீக்கைப் பெரிசாக்கிப் போட்டாங்கள். வாற ஞாயிறு மட்ச் ஒஸ்லோவிலையாம்."

போன வருடம் வரை வெளியூர் ஆட்டம் என்றால் பக்கத்துப் புறநகரான ஸ்தேன்தான். கடையில் சுடச்சுட வாங்கிய ரோல்ஸ் ஆறுவதற்குள் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

"திங்கள் விடிய வேலை. நான் எப்பிடிப் போறது?"

"லைவ் போடுவினம் அண்ணை."

"அதைப் பாத்துக் கத்தினால் ரெஃபரிக்குக் கேக்குமே?"

கண்ணாடிக்கு வெளியே மேகங்கள் மெதுவாக வடக்கே போய்க்கொண்டிருந்தன, டிக்கெட் இல்லாமலே.

ஞாயிறு அண்ணை வீட்டு வடக்கு யன்னலைத் திறந்துவைத்துக் கத்துவதாக முடிவு.

ஒஸ்லோவில் இருப்பவர்களே, கேட்டால் சொல்லுங்கள்.