விரிப்பின் மறுமுனை

என் கணவரின் தங்கையும் நானும் ஒரே ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தோம். இயந்திரத்தில் உலர்ந்து வரும் கட்டில் விரிப்புகளை மடிப்பது எங்கள் வேலை. அங்கே அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘ஈரத்துணி’. பிழிந்தாலும் சத்தம் வராதாம். பெயர் வைத்தவர் இஸ்திரிக்காரர். மனதில் கெடுதல் இல்லாத மனிதர்தான், வாய்தான் சும்மா இருக்காது.

அவளுக்குக் கல்யாணமான புதிதில் அவள் இப்படி இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சு உள்ளே வந்துவிடும். வெல்டர் வேலைக்கு அவள் கணவர் வெளிநாடு போன பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒரு மாதம் முடிவதற்குள் அது ஆண்டவனிடம் போய்விட்டது. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அன்றைக்கும் அவள் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், கிளம்பு என்றால் கிளம்புவாள். ‘இவளை அழவாவது வை, சாமி’ என்று தினமும் விளக்கின் முன்னால் கேட்டுக்கொள்வேன்.

அவர் ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்வார். “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன்.” “உடம்பு?” “நல்லாயிருக்கு.” அவ்வளவுதான். குழந்தையைப் பற்றி அவரும் பேசமாட்டார், இவளும் பேசமாட்டாள். இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

ஒரு ஞாயிறு அவர், மனைவியை அழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்திருக்கிறது என்றார். ஆனால் அதற்கு அவள் ஆங்கிலத்தில் பேசிக்காட்டும் தேர்வில் தேற வேண்டும்.

“கண்டிப்பா தேறிடணும்மா,” என்றார் என் கணவர் தங்கையிடம். “இப்படியே ஆளுக்கொரு மூலையில இருந்தா, கொஞ்ச நாள்ல புருஷன் பொண்டாட்டின்னு சொல்ல பேருதான் மிஞ்சும்.”

“சரிண்ணா,” என்றாள். கடைக்குப் போய் உப்பு வாங்கி வரச் சொன்னாலும் அதே ‘சரிண்ணா’தான்.

வேலை முடிந்ததும் மருந்துக்கடை மாடியில் நடந்த வகுப்புக்குப் போனாள். துணைக்கு நானும் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், புரிந்தது கொஞ்சம்தான். ஆசையைச் சொல்லும் பாடம் ஒன்று வந்தது. ‘ஐ விஷ்’ என்று ஆரம்பித்து, இல்லாத ஒன்று இருந்தால் நன்றாயிருக்குமே என்று சொல்ல வேண்டும். ஒருத்தி வீடு கேட்டாள், ஒருவர் தலைமுடி கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். இவள் முறை வந்தது. பெரிய கார் கேட்டாள்.

“காரா?” என்றேன் படியிறங்கும்போது. “பஸ்ஸுல ஏறினாலே உனக்குக் குமட்டுமே.”

“புத்தகத்துல அதான் இருந்துச்சு அண்ணி.”

இன்னொரு பாடத்தில் ‘டூ’ என்ற சொல்லை நடுவில் போட்டு அழுத்திப் பேச வேண்டும். ‘ஐ டூ வான்ட் டு கோ’, எனக்கு நிஜமாகவே போகணும் என்கிற மாதிரி. டீச்சர் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தார். இவள் சொன்னபோது எங்கே அழுத்தம், எங்கே மற்றது என்று எனக்கே தெரியவில்லை. இஸ்திரி போட்ட விரிப்பு மாதிரி ஒரே மட்டமாக இருந்தது.

‘இஃப்’ பாடம் மட்டும் அவளுக்கு நன்றாக வந்தது. அதற்குக் காரணம் எங்கள் வேலை. கட்டில் விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. அவள் ஒரு முனையில் இரண்டு மூலைகளைப் பிடிப்பாள், நான் எதிர்முனையில் நிற்பேன். உதறிவிட்டு நேருக்கு நேர் நடந்து வருவோம். நடந்து வரும்போது ‘மழை பெய்தால்’ என்று அவள் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பாள். மூலையோடு மூலை சேரும்போது ‘வீட்டிலேயே இருப்பேன்’ என்று நான் முடிப்பேன். டீச்சரின் குரலை போனில் பிடித்து வைத்திருந்தோம். பிரார்த்தனைப் பாட்டைப் படித்த மாதிரியே, பாதி அர்த்தம் தெரியாமல், என் பாதிகளையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். பிறகு துணி என் கைக்கு வரும், அவள் அடுத்ததை எடுப்பாள்.

“ரெண்டு பேரும் துணியை மடிக்கிறீங்களா, வெள்ளைக்காரனை மடக்குறீங்களா?” என்பார் இஸ்திரிக்காரர். “பாத்து, நோயாளிங்க போர்வைக்குள்ள இங்கிலீஷ் கசியப் போகுது.”

“உங்க வாயை முதல்ல மடிச்சு வைங்க அண்ணே,” என்பேன். அவள் சிரிக்கமாட்டாள். ‘நேரத்துக்குக் கிளம்பியிருந்தால்’ என்று அடுத்த விரிப்போடு நடந்து வருவாள்.

தேர்வு நாளன்று கட்டடத்துக்கு வெளியே நின்று வேண்டிக்கொண்டிருந்தேன். வந்தாள். முகத்தைப் பார்த்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன்.

“எப்படிம்மா செஞ்சே?”

“படம் காட்டுனாங்க, சொன்னேன். வீட்டைப் பத்திக் கேட்டாங்க, சொன்னேன். அப்புறம், உங்க வாழ்க்கையில ஏதாவது ஒண்ணு வேற மாதிரி நடந்திருந்தா, அதை வச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்கன்னாங்க.”

“சொன்னியா?”

“என் பொண்ணு பிழைச்சிருந்தான்னு ஆரம்பிச்சேன். வேற எதுவும் வாயில வரலை.”

“அப்புறம்?”

“அப்புறம் நீங்கதானே அண்ணி.”

எனக்குப் புரியவில்லை. அவள் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி, மூலைகளைப் பிடிப்பது போல விரல்களைச் சேர்த்துக் காட்டினாள்.

“இப்படி உக்காந்திருந்தேன். நீங்க சொல்வீங்கன்னு. அந்தம்மா என் கையையே பார்த்தாங்க. மேல சொல்லுங்கன்னாங்க, ரெண்டு தடவை. அந்தப் பக்கம் நான் சொல்லிப் பழகவே இல்லையே. நேரம் முடிஞ்சிருச்சு.”

கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் எலுமிச்சை வாங்க வேண்டும் என்றாள்.

தேறவில்லை என்று முடிவு வந்தது. என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஞாயிறு வந்தது. நான் அடுப்பில் இருந்தேன். அவள் போனை மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, கீரை ஆய்ந்துகொண்டே பேசினாள்.

“போயிருச்சுங்க,” என்றாள்.

“எதுல விட்டே?” அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான்.

“இஃப்ல. பாப்பா பிழைச்சிருந்தான்னு சொன்னேன். அதுக்கு மேல வரலை.”

லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். போனில் விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

“நீ அனுப்புன போட்டோவுல தொப்பி போட்டிருந்துச்சு,” என்றார் அவர். “அதுக்கு முடி இருந்துச்சா?”

அவள் கீரைத்தண்டைக் கீழே வைத்தாள்.

“இருந்துச்சு. நிறைய. குளிப்பாட்டினா நெத்தியில ஒட்டிக்கும்.”

“சுருட்டையா?”

“பின்னாடி மட்டும். உங்க அம்மாவுக்கு மாதிரி.”

“கண்ணு?”

“திறக்கிறதே கம்மி. திறந்தா லைட்டைத்தான் பார்க்கும்.”

ஒவ்வொன்றாகக் கேட்டார், ஒவ்வொன்றாகச் சொன்னாள். நகம், காது மடல், தும்மல். தேர்வில் வீட்டைப் பற்றிச் சொல்லியிருப்பாளே, அதே குரல்தான். நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன். வேண்டிக்கொள்ள எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர்தான் கடைசியில் மூக்கை உறிஞ்சினார். அவர் உறிஞ்சி முடிக்கும்வரை இவள் கீரையைத் தொடவில்லை.

“அடுத்த தேதி எப்பன்னு கேட்டு வைங்க,” என்றாள். “மறுபடி போறேன்.”

“சரி,” என்றார். “சாப்பிட்டியா?”

“இன்னும் இல்லை. கீரை ஆயறேன்.”

போனை அவர் வைக்கவில்லை, இவளும் வைக்கவில்லை. அவள் கீரையை ஆய்ந்து முடித்தாள்.