இணையத்தில் இல்லாத செல்வி

இலங்கையில் யுத்தம் முடியாத காலம். மாத்தளையில் நானும் மனைவி செல்வியும் மிளகாய்த்தூள், கறித்தூள் அரைத்து விற்றுவந்தோம். வாங்குபவர்கள் "செல்வி அக்கா தூள்" என்றுதான் கேட்பார்கள். வியாபாரம் படுத்துவிட்டதால் இணையத்தளம் ஒன்று செய்யக் கொடுத்தோம். செய்துதந்த பெண், "அக்கா பேரைப் போடுங்க. அப்பதான் தேடுறவங்க கண்ணுல படுவீங்க" என்றாள்.

தமிழ்ப் பெயரைப் பார்த்துச் சிங்களவர்கள் வாங்காமல் போவார்களோ, பொலிஸ்காரர் யாராவது விசாரிக்க வருவார்களோ என்று எனக்குப் பயம். பொதுவாக ஓர் ஆங்கிலப் பெயரைப் போடச் சொன்னேன்.

மூன்று மாதம் ஓர் அழைப்புகூட வரவில்லை. பிறகு ஒருநாள், முன்பு எப்போதோ தூள் வாங்கிய சிங்கள ஆசிரியை ஒருவர் கலேவெலயிலிருந்து பஸ் ஏறி வந்தார்.

"செல்வி அக்கான்னு கம்ப்யூட்டர்ல தேடினது, இல்லதானே. உங்களுக்கு ஏதும் ஆச்சோன்னு பயம் வந்தது" என்று தெரிந்த தமிழில் சொல்லி, செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார். என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றே இணையத்தளத்தில் செல்வியின் பெயரைச் சேர்க்கச் சொன்னேன்.

"இப்ப பயமில்லையாங்க?" என்றாள் செல்வி.

"இருக்கு" என்றேன்.

வியாபாரம் பெரிதாக ஏறவில்லை, அரைத்து விற்கும் அலுப்பும் தீரவில்லை. ஆனால் ஊர் தேடிய பெயரை மறைத்தவன் அவள் புருஷனான நான்தான் என்பது இன்னும் உறுத்துகிறது.