ஒரு காலுக்கு மட்டும் நினைவுக்கல்

2004 பிப்ரவரி, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குச் சவுதி அரேபியாவின் தம்மாமில் பஸ் ஏறினேன். காஃப்ஜி எல்லையில் காத்துக் கிடந்து, நானூறு கிலோமீட்டர் சொச்சம் கடந்து, குவைத் நகரத்தில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே பிக்கப் வண்டி ஓட்டும் செல்வம் எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். அவன் ரூமில்தான் தங்கினேன்.

மறுநாள் வெள்ளி, அவனுக்கு டூட்டி இல்லை. ஜஹ்ராவுக்கு அப்பால், ஸால்மி சாலையோரம் போர் நினைவுக்கல் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். போகலாமா என்று கேட்டேன்.

"வாராவாரம் அந்த வழியாத்தான் தண்ணி கேன் ஏத்திட்டுப் போறேன்ணே. ஒருநா கூட வண்டிய நிறுத்துனதில்ல" என்றான். பிறகு "சரி, வாங்க" என்று சாவியை எடுத்தான்.

ஜஹ்ரா முப்பது கிலோமீட்டர். அதைத் தாண்டியதும் பாலைவனம். மழைக்குப் பின் லேசாகப் பச்சை படர்ந்திருந்தது. குவைத்திக் குடும்பங்கள் கூடாரம் போட்டு இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தன.

நினைவுக்கல் ஆளுயரத்துக்கு மேல் வெள்ளைப் பளிங்கு. அரபியிலும் கீழே ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. 1990-ல் ஈராக் படை நுழைந்தபோது இந்த இடத்தில் ஓர் அதிகாரி காலில் குண்டடிபட்டார். ரத்தம் ஒழுகியும் இடத்தைவிட்டு நகரவில்லை. படித்து மெய்சிலிர்த்து இரண்டு படம் எடுத்தேன்.

திரும்பினால், செல்வம் பளிங்கு மேடையில் உட்கார்ந்திருந்தான். இங்கே உட்காரக் கூடாது, எழுந்திரு என்று இந்தியில் கத்திக்கொண்டே வங்காளதேசத்துக் காவலாளி ஓடி வந்தார்.

"பாய், பைட்னா மனா ஹை! உட்டோ!"

"மாட்டேன்" என்று தமிழிலேயே சொன்னான் செல்வம். என்னைப் பார்த்து, "எங்க அக்கா வீட்டுக்காரரு காலு இங்கதான்ணே போச்சு" என்றான்.

செல்வத்தின் மச்சான் முருகேசன் இங்கே கான்ட்ராக்ட் கூலியாக இருந்தவர். கல்லைச் சுற்றி வேலிக்கம்பம் நட வந்திருக்கிறார். கண்ணிவெடி எல்லாம் எடுத்தாயிற்று, பயமில்லாமல் தோண்டு என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். ஒன்று மிச்சமிருந்தது. முழங்காலுக்குக் கீழே வலது கால் போய்விட்டது. தையல் பிரிக்கும் முன்பே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையெழுத்து வாங்கி, விசாவை ரத்து செய்து, விமானம் ஏற்றிவிட்டார்கள்.

அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபமில்லை. தன் மண்ணுக்காக நின்ற மனிதர். கல் வைத்தது நியாயம்தான். ஆனால் அவர் ஆபத்து தெரிந்து நின்றார். முருகேசனிடம் ஆபத்தே இல்லை என்று பொய் சொல்லி இறக்கிவிட்டார்கள். வீரத்தின் பெருமையைக் காக்க வேலி போட வந்தவனை நாய்க்குட்டியைப் போலத் தூக்கி எறிய எப்படி மனசு வந்தது?

செல்வம் அரைகுறை இந்தியில் முருகேசன் கதையைக் காவலாளியிடமும் சொன்னான். அவர் ரோட்டை இருபுறமும் பார்த்துவிட்டு, "பைட்டோ, பாய்" என்று உட்காரச் சொல்லிவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

செல்வம் ஊருக்குப் போன் போட்டான். "மச்சான், நான் அங்கதான் இருக்கேன். அந்தக் கல்லுக்கிட்ட."

மறுமுனையில் முருகேசன் உரக்கப் பேசினார். எனக்கே கேட்டது. "வேலி நிக்குதாடா? கடைசிக் கம்பம் மட்டும் ஊனல. மத்ததெல்லாம் நான் ஊனுனது."

நான் சுற்றிப் பார்த்தேன். வேலியே இல்லை. அதைப் பிடுங்கிவிட்டுப் பூச்செடி வைத்து, சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்தார்கள்.

"நிக்குது மச்சான்" என்றான் செல்வம். "எல்லாம் நேரா நிக்குது."

ஜஹ்ரா பக்கம் போகிறவர்கள் அந்தக் கல்லை அவசியம் பாருங்கள். எழுதியிருப்பதை மரியாதையோடு படியுங்கள். படித்து முடித்ததும், எழுதாமல் விட்டதைப் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லுங்கள்: இங்கே கால் போன இன்னொருவர் பெயர் முருகேசன், முதுகுளத்தூர்க்காரர்.