சுண்ணாம்புக்கு அடியில் மஞ்சள் கோடு

பெருநாளுக்கு முன் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுச் சுவர்களுக்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள். மாதாவின் சுரூபம் அந்த வழியால் பவனி வரும். இந்த வருடமும் அம்மா அடித்துவிட்டார். வீதியை அகலிப்பவர்கள் பக்கச் சுவரில் போட்டுவிட்டுப் போன சிவப்புக் கோடும் அதோடு மறைந்துபோனது. அந்தக் கோடு வரைக்கும்தான் வீட்டை உடைப்பார்கள்.

பெருநாள் முடிந்த மறுநாள் காலையே சுவர் உடைக்கும் பெக்கோ இயந்திரம் வந்தது. நான் அடம்பன் பக்கம் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர். பெருநாள் லீவில் வந்திருந்தேன். உடைக்கும் இடங்களில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். அன்று அந்த இரைச்சலில் முன் விறாந்தைக்குப் பின்னால் இருப்பவை வரிசையாக ஞாபகம் வந்தன: அம்மாவின் கட்டில், அலுமாரி, தையல் மெசின், கூரையைத் தாங்கும் வளை.

குறி இல்லாவிட்டால் தானே கண்ணால் மட்டுக்கட்டி உடைப்பதாகச் சாரதி சொன்னார். பக்கத்து வீட்டு மாமா தன் வாசல் படலையில் சாய்ந்தபடி அம்மாவைக் கேட்டார்:

"சுண்ணாம்பு அடிச்சா ரோட்டு சுருங்கிப் போகுமெண்டு நினைச்சனீங்களோ, அக்கா?"

அவருடைய சுவரும் வெள்ளைதான்.

குசினிக் கத்தியால் சுரண்டத் தொடங்கினேன். பதற்றத்தில் ஜன்னலைத் தாண்டி, ஆழமாகச் சுரண்டிவிட்டேன். வெள்ளை, நீலம், ரோஸ் என்று பழைய பெருநாள்கள் உதிர, அடியில் மஞ்சள் கோடு ஒன்று வந்தது. போர் முடிந்த புதிதில் பஸ் நிலையம்வரை பெரிய வீதி போட அளந்தவர்கள் கீறியது. பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். கடைத்தொகுதி கட்டினார்கள், கரையிலிருந்த மீன்வாடிகளை அகற்றினார்கள். எங்கள் முறை இப்போதுதான் வந்தது.

சாரதி மஞ்சளைக் கண்டதும் இயந்திரத்தின் கையை அதன் பக்கம் திருப்பினார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

"அது பழசு. அதில உடைச்சா அறை முழுக்க விழுந்திடும்."

"அப்ப புதுசைக் காட்டுங்கோ, தங்கச்சி. எனக்கு ஒரு கோடு வேணும்."

அவர் எஞ்சினை நிறுத்தவில்லை. மூலைப் பக்கம் ஈரத் துணியால் தேய்த்தேன். இந்த வருடச் சுண்ணாம்பு கரைந்து வழிந்தது. கடைசியில் சிவப்பு தெரிந்தது.

விறாந்தை மட்டும் போனது. அறை நின்றது.

பின்னேரம் அம்மா மிச்சச் சுண்ணாம்பைக் கரைத்து இரண்டு கோடுகளையும் மூட வந்தார். உடைந்த ஓரத்தில் மிஞ்சிய சிவப்பை, இனி வருபவர்களுக்குத் தெரியட்டும் என்று, அப்படியே விடச் சொன்னேன். தூரிகையை வாங்கி, மஞ்சளின் மேல் நானே திரும்பத் திரும்ப அடித்தேன். காய்ந்ததும் மஞ்சள் தெரிகிறதா என்று போய்ப் பார்த்தேன். விடிந்ததும் மறுபடியும் போய்ப் பார்த்தேன்.