ஐந்து ஒன்பது ஒன்பது

பேருந்துகளுக்குக் கூடு கட்டும் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாகத் தகரம் தட்டுகிறவன் அவன். ஆனால் சுத்தியல் என்ற பட்டப்பெயர் தொழிலால் மட்டும் வந்ததில்லை. மனுஷனுக்குக் கோபம் மூக்கு நுனியில். துளைபோடும் இயந்திரம் சிக்கிக்கொண்டதென்று அதைச் சுவரில் அடித்து நொறுக்கினான். தடுக்கப் போன மேஸ்திரிக்கு இரண்டு பல் போயிற்று. வீட்டுக் கதவில் அவன் முஷ்டி அளவுக்கு ஓர் ஓட்டை. மனைவி அதன்மேல் காலண்டர் மாட்டியிருக்கிறாள். வருடா வருடம் காலண்டர்தான் மாறுகிறது.

இந்த ஆள் வீட்டிலிருந்தே உலகத்தோடு வானொலியில் பேசும் ஹாம் ரேடியோக்காரன் என்றால் யார் நம்புவார்கள்? தந்தி அடிக்கும் மோர்ஸ் சாவியில் விரல் வைத்துவிட்டால் அவன் கை அவ்வளவு பதமாகத் தட்டும். என்ன பிரயோஜனம், ரேடியோ சங்கத்தில் ஒருவர் மண்டையை மைக்கால் உடைத்த நாளிலிருந்து எல்லோரும் மெல்லக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியவன் மனைவியின் தம்பி மட்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, வாயில்லாப் பூச்சி. இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடக்கும் சத்தத்தையும் பிடித்துவிடுவான் என்பதால் அவனுக்குப் பாம்புச்செவி என்று பெயர். யார் அதிகம் பேரைப் பிடித்துப் பேசுவது என்று நடக்கும் போட்டி நாட்களில் சுத்தியல் தட்டுவான், மச்சினன் பதிலைக் கேட்டுக் கணினியில் ஏற்றுவான். இவனும் போய்விட்டால் தன் பக்கத்தில் உட்கார உலகத்தில் ஓர் ஆள் கிடையாது என்று சுத்தியலுக்கே தெரியும்.

அந்தப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் சத்தம் எப்படி வந்து சேர்கிறது என்று எண்ணால் சொல்ல வேண்டும். துல்லியமாகக் கேட்டால் ஐந்து ஒன்பது ஒன்பது. ஆனால் சத்தம் சாகக் கிடந்தாலும் எல்லோரும் எல்லோருக்கும் அதையேதான் சொல்வார்கள். பச்சைப் பொய் என்று சுத்தியல் சிரிப்பான். "பொய்யின்னு ஏன் மாமா சொல்றீங்க? ஒரு மரியாதைதான்" என்பான் மச்சினன்.

இந்த வருடப் போட்டியன்று காலை எட்டு மணிக்கே மாடி அறை கொதித்தது. மச்சினன் டீ குடிக்கக் கீழே போயிருந்தான். சுத்தியல் கணினியின் பின்புறம் கையை விட்டு, ரேடியோவிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் சொருகினான். காலியான இடத்தில், வயர் அங்கே மட்டும் எட்டும் குட்டி விசிறியைச் சொருகினான். எல்லா ஓட்டையும் ஓட்டைதானே. ரேடியோ பதில் சொல்லவில்லை என்று திரையில் ஒரு பெட்டி வந்தது. அவனுக்கும் கணினிக்கும் என்றுமே ஏழாம் பொருத்தம். படிக்காமலேயே அதைத் தட்டி மூடினான். பிறகு, விடிகாலையிலிருந்து பேசிக்கொண்டிருந்த இருபது மீட்டர் அலைவரிசையிலிருந்து ரேடியோவைப் பதினைந்து மீட்டருக்கு மாற்றினான். மச்சினன் வந்து உட்கார்ந்ததும் வேட்டை சூடு பிடித்தது. மூன்று மணி நேரத்தில் இருநூற்றுப் பத்துப் பேர்.

பதினொரு மணிக்கு மச்சினன் முகம் சுருங்கியது.

"மாமா, பதினஞ்சு மீட்டர்ல இவரு நமக்குப் புது ஆளு. ஆனா ஏற்கெனவே பேசியாச்சுன்னு காட்டுது." மேலே உருட்டிப் பார்த்தான். "எட்டு மணிலேர்ந்து எல்லாரையும் இருபது மீட்டர்லயே எழுதி வச்சிருக்கு. நாம ரேடியோவ மாத்துனது இதுக்குத் தெரியவே இல்ல."

சுத்தியலுக்கு ரத்தம் தலைக்கேறியது. "நேத்து சாயங்காலம் புதுசா ஏதோ ஏத்துறேன்னு நீதான நோண்டுன?"

"நேத்து நல்லாதான் மாமா இருந்துச்சு. என்னன்னு சொல்றீங்க?" மாமா பேசுவது சரியாகக் கேட்க வேண்டுமென்று மச்சினன் ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

அந்தத் திறந்த காதில் சுத்தியலின் உள்ளங்கை இறங்கியது. தகரத்தை நிமிர்த்தும் கை. மச்சினன் நாற்காலியோடு சாய்ந்து, மேசை விளிம்பில் புருவம் கிழிந்து, தரையில் விழுந்தான். விழுந்தவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று வைத்தான் சுத்தியல். "இருநூறு பேருடா" என்று கத்தினான். இடது காதிலிருந்து மெல்லியதாக ரத்தம் இறங்கிக் கழுத்துக்குப் போனது.

மச்சினன் திருப்பி அடிக்கவில்லை, அழவும் இல்லை. எழுந்து உட்கார்ந்து, கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, கணினியில் எதையோ திறந்து பார்த்தான். "மூணாம் நம்பர் போர்ட்ல இருக்க வேண்டிய ரேடியோ அஞ்சாம் நம்பருக்குப் போயிருக்கு." குனிந்து பின்பக்கம் பார்த்தான். விசிறி ஜிலுஜிலுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவன் நிரலில் மூன்றை அழித்து ஐந்தை எழுதினான். ரேடியோவில் இருந்த அலைவரிசை எண் உடனே திரைக்கு வந்தது. அவ்வளவுதான் கோளாறு.

சுத்தியல் விசிறியைப் பிடுங்கித் தரையில் அறைந்தான். குதிகாலால் மிதித்துச் சில்லு சில்லாக்கினான். பாதத்தில் ஏறிய துண்டை உணராமல் அடுத்து ரேடியோவைத் தூக்கப் போனவன், மச்சினன் இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொள்வதைக் கண்டு நின்றான். அவமானம் அவனைப் பிடுங்கித் தின்றது. வழக்கமான இடத்தில், மச்சினனின் இடப்பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"மாப்ள, தப்பு என்னோடதுதான்" என்றான்.

ஹெட்போனை வலது காதில் அழுத்திக்கொண்ட மச்சினன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தவறான வரிகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தான். சுத்தியல் மறுபடி சொன்னான், உரக்கவும் சொன்னான். பிறகு தோளைத் தொடக் கையை நீட்டினான். ஓரக்கண்ணில் கை தெரிந்ததும் மச்சினன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுருண்டான்.

சுத்தியல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். எழுந்து அவன் முகத்துக்கு நேரே வந்து மண்டியிட்டு, இடது காதைக் காட்டி, "கேக்குதா மாப்ள?" என்று கேட்டான்.

மச்சினன் அவன் உதடுகளையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அஞ்சு ஒம்போது ஒம்போது, மாமா" என்றான்.