செவலையின் மஞ்சள் வில்லை

எங்கள் செவலைப் பசுவுக்கு இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லி இரண்டு ஏஜென்டுகள் எங்கள் ஊர் மடுகரைக்கு வந்தார்கள். நூர்ஜஹான் என்ற பெண் கொட்டகைக்குள் புகுந்து, மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து, ஆயிரம் கேள்வி கேட்டாள். எனக்கு எரிச்சல். இன்னொரு ஏஜென்டான என் நாத்தனார் வீட்டுக்காரரோ பைக்கை விட்டு இறங்காமலே படிவத்தை நீட்டினார். சொந்தமாயிற்றே, அவரிடமே எடுத்தேன். மாட்டு டாக்டர் வந்து செவலையின் காதில் நம்பர் போட்ட மஞ்சள் வில்லையை மாட்டினார். அது எதற்கென்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் அடித்தபோது அந்த வில்லை கண்ணை உறுத்தியது. கத்தரித்து எறிந்துவிட்டேன்.

மறுவாரம் பக்கத்து வீட்டுக்கு வந்த நூர்ஜஹான் வேலிக்கு அப்பாலிருந்தே கத்தினாள்.

"இன்னாக்கா, காது மொட்டையா இருக்கு?"

"அசிங்கமா இருந்துச்சு, வெட்டிட்டேன்."

தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ! அந்த நம்பருதாங்க்கா மாட்டுக்கு அடையாளம். அது இல்லாம மாட்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பைசா வராது!"

"உன்கிட்ட நான் எடுக்கலியேம்மா" என்றேன், கூச்சத்தோடு.

"யார்கிட்ட எடுத்தா இன்னா? மாடு உன்னுதுதானே!"

கம்பெனிக்குக் கடிதம் எழுதித் தந்தாள். டாக்டரை அவளே கூட்டிவந்து புது வில்லை போடவைத்தாள். செவலை அவளுக்கு ஓர் உதை விட்டது. அதற்கும் சிரித்தாள்.

மறு வருடம் அவளிடம்தான் எடுத்தேன். நாத்தனார் இரண்டு மாதம் பேசவில்லை. போகட்டும். இந்தப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் அடித்த கையோடு, வில்லைக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். நம்பர் மறையாமல்.