குஞ்சம்மாள் விழுங்கிய தங்கக் குண்டு

"வாத்தியாரம்மா, குஞ்சம்மா முழுங்கிட்டா!"

பின்வரிசையிலிருந்து இந்தக் குரல் வந்தபோது நான் கரும்பலகையில் 'தங்கம்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன். இரண்டாம் வகுப்புக் குஞ்சம்மாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கண்கள் பிதுங்க நின்றாள். "எதை முழுங்கின?" என்று நான் கேட்கவே வேண்டியதில்லை. அந்த அறையில் விழுங்குகிற மாதிரி இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

இப்போது ஆசிரியர் வேலைக்கு வரும் பெண்களுக்குப் படம் இருக்கிறது, அச்சடித்த அட்டை இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ராசிபுரத்து நெசவாளர் தெருவில் எனக்குக் கிடைத்தவை ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு கரும்பலகை, இருபத்துச் சொச்சம் பெண் பிள்ளைகள். அந்த இருபத்துச் சொச்சத்தைச் சேர்க்கவே வீடு வீடாய் ஏறி இறங்கி எனக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. பிள்ளைகள் குறைந்தால் பெண் பள்ளியை மூடிவிடலாம் என்று மேலே உள்ளவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

பாடத்துக்குப் பொருள்

பொருட்பாடம் என்று வாரத்தில் ஒரு பாடவேளை உண்டு. உப்பு, பஞ்சு, இரும்பு என்று ஏதாவது ஒரு பொருளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, தொட்டு, முகர்ந்து, எடை பார்த்துச் சொல்ல வைக்க வேண்டும். பொருளைக் காட்டாமல் வாயால் நடத்தினால் அது பாடமே இல்லை என்று பயிற்சிப் பள்ளியில் எங்கள் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லியிருந்தார்கள்.

அந்த வாரம் தங்கம். இரும்புக்கு ஆணி கொண்டுவந்தேன். தங்கத்துக்கு எங்கே போவேன்? நான் இருபது வயதில் தாலியறுத்தவள். காதிலும் கழுத்திலும் குன்றிமணி அளவு பொன் கிடையாது. பிள்ளைகளைக் கேட்டேன், யாராவது தங்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று.

"எங்க ஊட்ல கட்டு கட்டா இருக்குதுங்க" என்றாள் ஒருத்தி.

"அடி ஆத்தி! கட்டு கட்டாவா?"

"ஆமாங்க. சரிகைங்க."

சரிகை வெள்ளிக் கம்பி, மேலே தங்கம் பூசியிருக்கிறது, அதுவும் முதலாளி வீட்டுச் சரக்கு என்று விளக்கினேன். அவள் முகம் சுண்டிப்போனது. அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவில்லை.

பள்ளிக்கு எதிரிலேயே தங்க வேலை செய்யும் ஆறுமுக ஆசாரியின் பட்டறை. அவர் மகளும் என்னிடம்தான் படித்தாள். போய்க் கேட்டேன். தாலிக் கயிற்றில் கோக்கும் குண்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பட்டாணி அளவுதான் இருக்கும்.

"கல்யாண ஊட்டு உருப்படிங்க வாத்தியாரம்மா. பாடம் முடிஞ்சதும் வந்துரோணும்."

"ஒரு மணி நேரம், ஆசாரியாரே. கையில் கொடுத்துக் கையில் வாங்கிடறேன்."

பிள்ளைகளிடம் கொடுத்தேன். குண்டு முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குக் கைக்குக் கை போனது. "ஐயே, கனமா இருக்குதுங்க!" "சில்லுனு இருக்குதுங்க!" என்று ஒவ்வொருத்தியும் கூவினாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பெயரைப் பலகையில் எழுதலாம் என்று திரும்பினேன். அதற்குள் குண்டு குஞ்சம்மாளின் வயிற்றுக்குப் போய்விட்டது.

கந்தப்பன் போட்ட சத்தம்

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரசு வைத்தியசாலைக்கு ஓடினேன். ஓடுகிற வழியிலேயே செய்தி தெருவெல்லாம் பரவிவிட்டது. டாக்டர் அவள் வாயைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், மூச்சைக் கேட்டார்.

"உருண்டையாத்தானே இருக்கு? முனை ஒண்ணும் இல்லையே? தானா வெளியே வந்துரும். பேதிக்குக் கொடுத்துறாதீங்க. வாழைப்பழம், களி, சோறு, எதுவும் கொடுக்கலாம். வயித்துவலி, வாந்தின்னா அந்த நிமிஷமே தூக்கிட்டு வாங்க" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் வாசலில் குஞ்சம்மாளின் தகப்பன் கந்தப்பன் நின்றிருந்தார். தறிக்குழியிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார், முழங்கால் வரை பஞ்சு. நல்ல மனுசர்தான், ஆனால் வாயைத் திறந்தால் ஊரே கேட்கும்.

"ஏனுங்க வாத்தியாரம்மா, படிக்கறதுக்குத்தானுங்க அனுப்புனோம்? பொன்னு உடம்புல கரைஞ்சா வெசமுங்க! இந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க? இவளை இனி அனுப்ப மாட்டனுங்க. எந்தத் தெருவுல எந்தப் பொட்டப்புள்ள உங்க பள்ளிக்கொடத்துக்கு வருதுன்னு நானும் பாக்கறேன்!"

சுற்றி நின்ற நாலைந்து தகப்பன்மார் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் என் பள்ளிக்கூடம் போய்விட்டது என்றே நினைத்தேன். டாக்டர் சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். "அவரு டவுன்காரருங்க, அவருக்குப் பொன்னைப் பத்தி என்னங்க தெரியும்?" என்று கேட்டுவிட்டார் கந்தப்பன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. "சரி, பொன்னைப் பத்தித் தெரிஞ்சவரையே கேப்போம், வாங்க" என்றேன்.

திராவகத்துக் கிண்ணி

ஆறுமுக ஆசாரிக்கு விஷயம் முன்னமே எட்டியிருந்தது. கல்யாண வீட்டு உருப்படி போச்சே என்று என்னைப் பிடித்துக்கொள்வார் என நடுங்கிக்கொண்டு போனேன். அவர் முதலில் கேட்டது, "புள்ள எப்படி இருக்குது?"

"வாழைப்பழம் தின்னுட்டு இருக்குதுங்க" என்றேன்.

"அப்பறமென்ன! கெட்டிக் குண்டுங்க அது. உள்ளே அரக்கு வெச்ச குண்டில்ல, பயப்படாதீங்க."

"கரைஞ்சு வெசமாயிருமுங்களே ஆசாரியாரே" என்றார் கந்தப்பன். சத்தம் இப்போது குறைந்திருந்தது. முகத்தைப் பார்த்தேன். மனுசர் உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தார்.

ஆசாரி கண்ணாடிக் கிண்ணி ஒன்றில் கொஞ்சம் திராவகம் ஊற்றினார். "தள்ளி நில்லுங்க, மூக்கை நீட்டாதீங்க" என்று எல்லோரையும் வாசல் பக்கம் ஒதுக்கினார். செப்புக் கம்பித் துண்டு ஒன்றைக் குறட்டால் உள்ளே விட்டார். திராவகம் சீறியது. பழுப்புப் புகை கிளம்பி வெளியே போனது. தெளிவாய் இருந்த திராவகம் பச்சையாகிவிட்டது. கம்பி இருந்த இடம் தெரியவில்லை.

பிறகு வேறொரு கிண்ணியில் புதுத் திராவகம் ஊற்றி, அந்தக் கல்யாணத்துக்கே செய்து வைத்திருந்த இன்னொரு குண்டைப் போட்டார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. குண்டு அடியில் சும்மா கிடந்தது, குளத்தில் விழுந்த கூழாங்கல் மாதிரி. குறட்டால் எடுத்து, தண்ணீரில் நன்றாகக் கழுவி, கந்தப்பன் கையில் வைத்தார்.

"பாத்துக்க கந்தப்பா. இந்தத் திராவகத்துக்கே அசையாதது, உம்பட புள்ள வயித்துலயா கரையும்? போன மாதிரியே வரும். இதுக்குத்தானப்பா இத்தனை மதிப்பு. துருப்பிடிக்காது, களிம்பு ஏறாது, கெட்டுப் போகாது."

கந்தப்பன் அந்தக் குண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் வகுப்புப் பிள்ளைகள் மொத்தப் பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கரையவே இல்லடி!" என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. நான் நடத்தியிருந்தால் இப்படி ஒரு பாடம் வந்திருக்காது.

வந்துச்சா?

அடுத்து வந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்கவில்லை. விடிந்ததும் குளித்துவிட்டு நான் நேரே கந்தப்பன் வீட்டுக்குப் போய்விடுவேன். கொல்லையில் ஆமணக்கு இலையை விரித்துப் பிள்ளையை உட்கார வைப்பார்கள். அவள் அம்மா ராமாயி ஒரு குச்சியோடு நிற்பாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பேன்.

"வந்துச்சா?" என்பேன்.

"இல்லீங்க."

திரும்பி நடந்தால் ஒவ்வொரு வீட்டிலும் தறிச் சத்தம் நிற்கும். "வந்துச்சுங்களா?" என்று தலை ஒன்று எட்டிப் பார்க்கும். பதில் தெரிந்ததும் உச்சுக் கொட்டிவிட்டு மறுபடி நெய்வார்கள். வகுப்பில் பாதிப் பேர்தான். மற்றவர்களை வீட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள், முடிவு தெரியட்டும் என்று.

குஞ்சம்மாள் மட்டும் ராஜகுமாரிதான். பிறந்ததிலிருந்து அவ்வளவு வாழைப்பழம் தின்றதில்லை. ஒரு சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே கந்தப்பன் நெய்துகொண்டிருந்தார். அவளுடைய அக்காள் மாரக்காள் தறிக்குப் போகும் நூலை ராட்டையில் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். பத்து வயதிருக்கும், பள்ளிக்கு அனுப்பச் சொல்லி நான் பல தடவை கேட்டு அலுத்த பிள்ளை. அவள் போய்விட்டால் தறிக்கு நூல் சுற்ற ஆளில்லை என்பதுதான் ஒவ்வொரு தடவையும் பதில்.

"ஏஞ்சாமி, கைல வெச்சுப் பாருன்னுதானே கொடுத்தேன்? வாயில எதுக்குப் போட்ட?"

குஞ்சம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். மெதுவாகச் சொன்னாள்.

"தம்பி பொறந்தப்ப நாக்குல பொன்னு உரைச்சு வெச்சாங்க. புத்தி வருமாம். எனக்கு வெக்கலையாம். அதான் எனக்கு வாய்ப்பாடு வர மாட்டேங்குதுன்னு நெனச்சேன். நாக்குல வெச்சுட்டுக் குடுத்தரலாம்னுதான் இருந்தேனுங்க. விக்கல் வந்துருச்சுங்க."

உள்ளே தறிச் சத்தம் நின்றது.

கந்தப்பன் குழியில் உட்கார்ந்தபடியே பேசினார். "ஊட்ல ஏதுங்க பொன்னு? பையனுக்கே பக்கத்து ஊட்டு மோதரத்த வாங்கித்தான் உரைச்சோம்."

"அந்த மோதரம் இவ பொறந்தப்பவும் பக்கத்து ஊட்லதான் இருந்துச்சு" என்றாள் ராமாயி அடுப்படியிலிருந்து. "பொட்டப்புள்ளைக்கு எதுக்குன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. ரெண்டு புள்ளைக்கும் அதேதான் சொன்னீங்க."

அந்த அம்மாள் அதிகம் பேசாதவள். அன்றைக்குப் பேசினாள். ராட்டையும் நின்றிருந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன். தெருவில் நடக்கும்போது அழுகை வந்தது. ஒளிக்காமல் அழுதேன்.

மறுநாள் விடியலில் நான் குளித்து முடிக்கும் முன்பே ராமாயி ஓடி வந்தாள். "வந்துருச்சுங்க!" தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. யாரோ குலவை போட்டார்கள். சாம்பல் போட்டு விளக்கிக் கழுவிய குண்டு அவள் கையில் பளபளவென்றிருந்தது. நேரே ஆசாரியிடம் கொண்டுபோனோம். நெருப்பில் காய்ச்சி எடுத்து, உரைகல்லில் ஓர் இழு இழுத்துப் பார்த்தார். "ஒரு மாத்துக் குறையலைங்க" என்றார். கல்யாண வீட்டாரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர்களும் சிரித்துவிட்டு, அதை உருக்கிப் புதிதாய்ச் செய்து வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு

இதில் நான் கற்றது ஒன்று. ஒரு பொருளைப் பற்றி நாம் சொல்லத் தொடங்குமுன், பிள்ளைகளுக்கு அதைப் பற்றி என்ன தெரியும், என்ன ஆசை, என்ன ஏக்கம் என்று முதலில் கேட்டுவிட வேண்டும். நான் தங்கம் மஞ்சள் நிறம், கனமான உலோகம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். குஞ்சம்மாளுக்கோ தங்கம் என்றால் தனக்கு வைக்காமல் விட்டது. அதற்குப் பிறகு எந்தப் பாடமானாலும் முதல் கால் மணி நேரம் அவர்களைத்தான் பேசவிட்டேன். பாதிப் பாடம் அதிலேயே நடந்துவிடும்.

குண்டு வந்த மறுநாள் நான் பள்ளியைத் திறந்தபோது கந்தப்பன் வாசலில் நின்றிருந்தார். ஒரு கையில் குஞ்சம்மாள். இன்னொரு கையில் மாரக்காள், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு.

"அன்னிக்குக் கோவத்துல பேசிப்போட்டனுங்க, மனசுல வெச்சுக்காதீங்க. மத்தவங்களுக்கும் சொல்லிப்போட்டேன், எல்லாரும் வந்துருவாங்க" என்றார். பிறகு பெரியவளை முன்னால் தள்ளினார். "இவளையும் சேத்துக்கங்க வாத்தியாரம்மா. இவ பெரியவ. வாயில போட மாட்டா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியானால் தார் யார் சுற்றுவார்கள் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்டால் மனசு மாறிவிடப் போகிறாரே என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். மாரக்காளை முதல் வகுப்பில், அவள் தோளுயரம்கூட இல்லாத பிள்ளைகள் நடுவில் உட்கார வைத்தேன். சிலேட்டுப் பலகையைக் கொடுத்ததும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குத் திரும்புகையில் அவர்கள் வீட்டைத் தாண்டினேன். தறி சும்மா கிடந்தது. கந்தப்பன் ராட்டைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுப் போனார்.

"சின்ன வயசுல சுத்துனதுங்க, மறந்துபோச்சு" என்றார். "போங்க வாத்தியாரம்மா, புள்ளைங்க காத்துட்டிருக்கும்."